பதினான்கு முனை நட்சத்திரம்

பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடையும் அறுத்த பலகையின் தூளும் கலந்த ஒரு வாசம்... மலாக்கா மாநிலத்து ஜாசினில் நான் முதன்முதலாக வேலை பார்த்த சைன்போர்டு கடையை நினைத்தாலே அதுதான் மூக்கில் ஏறும்.

பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு நானும் கஸ்தூரியும் அங்கே சேர்ந்தோம். நான் டவுன் பிள்ளை. அவள் நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறி வருவாள். எழுத்துக்குப் பெயிண்ட் அடிப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது... இதுதான் எங்கள் வேலை. பலகை வெட்டும் மெஷினை மட்டும் முதலாளி சண்முகம் அண்ணன் தொட விடமாட்டார். எங்களுக்கோ அதன் மேல்தான் கண்.

மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. லாரி மேல் நிறுத்த ஒரு பிறை, ஒரு நட்சத்திரம். நம் மலேசியக் கொடியில் இருக்கிறதே, அதே நட்சத்திரம். பதினான்கு முனை.

"இத மலாக்காவுல குடுத்து வெட்டிக்கலாம். நம்மளுக்கு சரிப்படாது" என்றார் அண்ணன்.

"நாங்க செய்றோம்ணே!" கஸ்தூரிதான் முந்திக்கொண்டாள்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு பிளைவுட் பலகையை இழுத்துச் சுவரில் சாய்த்தார்.

"ஒரே பலகைதான். இத கெடுத்தீங்க, அப்புறம் வெட்டுற வேலைய பத்தி எங்கிட்ட வாயே தொறக்கக் கூடாது."

பலகையை நாங்கள் தொடவில்லை. பின்கட்டில் கிடந்த ஐஸ்பெட்டி அட்டையில்தான் முதலில் பழகினோம்.

பள்ளிக்கூட புரோட்ராக்டரை வைத்துக் கோணம் குறித்தோம். உள்ளங்கை அளவு சாமான் அது... கோட்டை நீட்டிக்கொண்டே போனால் ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பிசகியது. ஒரு முனை ஒல்லி, பக்கத்து முனை குண்டு.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆணி அடித்து, கயிறு கட்டி வட்டம் போட்டோம். அதே கயிற்று நீளத்தை வட்டத்தின் ஓரத்தில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு போனால் மிகச் சரியாக ஆறு வருகிறது! பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று போனால் எட்டு வருகிறது. ஏழு வந்துவிட்டால் அதைப் பாதியாக்கிப் பதினான்கு ஆக்கிவிடலாம். அந்த ஏழுதான் வரவே இல்லை. கயிற்றைக் கொஞ்சம் குறைத்தால் கடைசியில் இடைவெளி விழும். கொஞ்சம் கூட்டினால் தாண்டிப் போகும்.

"ஆறு வருது, எட்டு வருது... நடுவுல இதுக்கு மட்டும் என்னாடி கேடு?" கஸ்தூரி அட்டையை ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

அந்த வாரம் பாசாரில் எங்கள் பழைய கணக்கு டீச்சரைப் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தவரை நிறுத்திக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"காம்பஸும் கோடு போடுற ரூலரும் மட்டும் வச்சிக்கிட்டு ஏழு சமமா சரியா பிரிக்க முடியாதும்மா. முடியாதுன்னே நிரூபிச்சிட்டாங்க."

தொங்கிய முகத்தோடு வந்து கஸ்தூரியிடம் சொன்னேன். அவளுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ நம்ம மேல தப்பில்ல லா! காம்பஸ்லதானே முடியாது? வேற எதுலயாச்சும் முடியுதான்னு பாப்போம்."

கடைத் திறப்பு விழாக்களுக்குக் கட்டும் ரிப்பன் சுருள் ஒன்று மேசையில் கிடந்தது. அவள் அட்டையை வட்டமாக வெட்டி, அதன் விளிம்பைச் சுற்றி ரிப்பனை இறுக்கி, இரண்டு முனையும் சேரும் இடத்தில் கத்தரித்தாள். பிரித்து நீட்டினாள்.

"வட்டத்த நேராக்கிட்டேன். இப்ப இத பதினாலா பிரி பாப்போம்."

டேப் பிடித்து அளந்து வகுத்தால் புள்ளிக்குப் பின்னால் எண்கள் முடிவில்லாமல் ஓடின. எரிச்சலில் ரிப்பனைத் தரையில் போட்டேன். அது சாய்வாக விழுந்து கிடந்தது... அப்போதுதான் பார்த்தேன். தரையில் சதுரச் சதுரமாகச் சிவப்பு டைல்ஸ். சம இடைவெளியில் கோடுகள். சாய்வாகக் கிடக்கும் ரிப்பனை அந்தக் கோடுகள் வெட்டினால், துண்டுகளும் சமமாகத்தானே இருக்க வேண்டும்!

"கஸ்தூரி, அந்த முனைய ஒரு கோட்டுல புடி!"

அங்கிருந்து பதினான்கு வரிசை எண்ணி, மறுமுனையைப் பதினான்காவது கோட்டில் உட்காரும்வரை சாய்த்து இழுத்தேன். கோடு தொட்ட இடமெல்லாம் பேனாவால் குறித்தோம். ரிப்பனை மறுபடி அட்டையைச் சுற்றிக் கட்டினோம். பதினான்கு புள்ளிகளும் வட்டத்தைச் சுற்றி ஒரே இடைவெளியில் வந்து உட்கார்ந்தன. நாங்கள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

அந்தப் புள்ளிகளைப் பிளைவுட்டுக்கு மாற்றி, முனைகளை வரைந்து, கைரம்பத்தாலேயே அறுத்தோம்.

வெட்டி முடித்த நட்சத்திரத்தைச் சண்முகம் அண்ணன் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முனையாக அளந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்த முனையில ஆரம்பிச்சீங்க? கண்டுபிடிக்க முடியல."

ஊர்வலத்தன்று லாரியில் எங்கள் நட்சத்திரம் வெயிலில் மின்னிக்கொண்டு போனது. அடுத்த வாரம் வெட்டும் மெஷின் எங்கள் கைக்கு வந்தது.

இன்று எனக்கு மலாக்கா டவுனில் சொந்தக் கடை. கணினியில் எத்தனை முனை என்று தட்டினால் போதும், மூச்சு விடுவதற்குள் நட்சத்திரம் திரையில் நிற்கும். மெஷின் தானே வெட்டிக் கொடுக்கும். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் எந்த நட்சத்திரத்துக்காகவும் நான் இப்போது சத்தம் போடுவதில்லை...

கஸ்தூரி பினாங்கு தொழிற்சாலை ஒன்றில் டிசைனர். போன மாதம் திடீரென்று போன் செய்தாள்.

"ஏய், ஒன்னு படிச்சேன்டி. ஏழு மட்டுமில்ல, ஒம்போதும் முடியாதாம். ஆனா பதினேழு முடியுமாம்! வெறும் காம்பஸும் ரூலரும் போதுமாம். தீபாவளி லீவுக்கு வர்றேன், போட்டே பாக்கணும்."

கணினியில் அது ஒரு நொடி வேலை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாளே போய்ப் பெரிய காம்பஸ் ஒன்று வாங்கி வந்துவிட்டேன்.