நாள்காட்டித் தாளின் பின்பக்கம்

நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் முன் மாமா கையைத் துடைத்துக்கொள்வார். ஓரத்தை நகத்தால் கீறி, மேல்விளிம்பின் பல்வரிசை கெடாமல் எடுப்பார். கோயிலில் தருகிற நாள்காட்டி. தேதிக்கு அடியில் அன்றைய புனிதரின் பெயர் இருக்கும். வேதத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி என்றால், எப்படிச் செத்தார் என்பதையும் சமையலறைக்குக் கேட்கும்படி சொல்வார். செபஸ்தியாருக்கு அம்பு. முடியப்பருக்குக் கல்.

“காலங்காத்தால சாவுச் சேதி. நானும்தான் தெனம் அடுப்புல வேகுறேன், எனக்கும் ஒரு தேதி ஒதுக்கச் சொல்லுங்க,” என்பாள் அத்தை.

அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்த எனக்கு அதுதான் விடியல்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆலைக்குப் போவார். பாய்லர் ஓட்டுவது அவர் வேலை. லாக் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்பதால், நீராவி அழுத்தத்தை மணிக்கொருமுறை அந்தத் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைத்து, ஷிஃப்ட் முடியும்போதுதான் புத்தகத்தில் ஏற்றுவார்.

பாய்லர் வெடித்த நாளின் புனிதர், முதுமையில் படுக்கையில் இறந்த ஓர் ஆயர். “இன்னைக்கு யாரும் சாகல,” என்று சிரித்துவிட்டுத்தான் போனார்.

மிஞ்சின நீராவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வு இறுகிப்போயிருந்தது. மேனேஜரிடம் சொன்னார்; அவரோ ஓட்டச் சொன்னார். அழுத்தம் ஏறவே மறுபடி சொல்லப் போனார். பாதி வழியில் சத்தம் கேட்டது. உள்ளே இருந்தவன் நெருப்புத் தள்ளுகிற ஆள் ‘குச்சி’ மட்டும். ஒல்லி என்பதால் வந்த பெயர். “நானே அணைச்சிருக்கணும்,” என்று மாமா சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் மேனேஜர் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“பெரியவரே, குச்சி தூங்கிட்டான், பாய்லர்ல தண்ணி இறங்கினதப் பார்க்கல. அப்படி ஒரு கையெழுத்து போடுங்க. செத்தவனுக்கு வலிக்கவா போகுது?”

“அவன் பொண்டாட்டிக்கு வலிக்கும்.”

“உங்க பொண்டாட்டியையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.”

அத்தை தண்ணீர் தம்ளரோடு கதவருகே நின்றிருந்தாள்.

லாக் புத்தகத்தின் அன்றைய பக்கத்தை ஆலைக்காரர்களே நிரப்பிவிட்டார்கள். மாமாவிடம் தாள் இருந்தது: ‘9.10. வால்வு இறுகல். மேனேஜரிடம் சொன்னேன். ஓட்டச் சொன்னார்.’ முன்பக்கத்தில் தேதி அச்சில் இருந்தது. குச்சி மேல் விழுந்த பழி போக அது போதும். அதை வேதாகமத்துக்குள் வைத்தார்.

“ஏங்க, அவங்கள்லாம் சாமிக்காகச் செத்தாங்க. நீங்க பாய்லருக்காகவா?” என்றாள் அத்தை.

“அப்போ அவங்ககிட்ட, பொய்ச் சாமிக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போடு, விட்டுடறோம்னாங்க. இப்போ ஒரு கையெழுத்து போடுங்கிறாங்க. அதே சிட்டிகைதான்டி.”

விசாரணை நாள் காலையில் வேதாகமத்தைத் திறந்தால் தாள் இல்லை. பரண், பெட்டி, தலையணை உறை என்று வீட்டையே கவிழ்த்தோம். அத்தையும் தேடினாள்.

தாள் இல்லாமலே போய், நடந்ததை நடந்தபடி சொன்னார்.

“எழுதி வச்சேங்கிறீங்க. எங்க அது?” என்றார் விசாரணை அதிகாரி.

“தொலைஞ்சு போச்சு.”

“எப்படி?”

“நான்தான் தொலைச்சேன்.”

அதிகாரி பேனாவை மூடினார். பழி குச்சி மேலேயே நின்றது. வெளியே வந்ததும் குச்சியின் மனைவி மாமாவின் சட்டைப்பையைப் பிடித்துக் கிழித்தாள். “எவ்வளவுக்குய்யா வித்தே?”

ஊரும் அதையே நம்பியது. ஆலை அவரை நீக்கியது. மற்ற ஆலைகள் கதவைத் திறக்கவில்லை. கோயிலில் அவர் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சு காலியாகும். தினமும் நாள்காட்டித் தாளைக் கிழித்தார், வாய்விட்டுப் படிப்பது மட்டும் நின்றுபோனது. மூன்றாம் வருஷம் இறந்தார்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அத்தை சொன்னாள். தாளை அடுப்பில் போட்டது அவள்தான்.

“விசாரணை அன்னைக்குக் காலையில அடுப்புச் சாம்பல அவரே அள்ளினார்ப்பா. ஒருநாளும் செய்யாத வேலை. தாளோட மேல்விளிம்பு, பல்லு பல்லா, எரியாம கெடந்துச்சு. என்னைப் பார்த்தாரு. ஒண்ணும் கேக்கல. சாம்பலக் கொட்டிட்டு வந்து, உன்னை எழுப்பித் தேடச் சொன்னாரு.”