யானை மறித்த கதவும் பூஜ்ய மதிப்பெண்ணும்

ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்க ஒரே பேச்சு: பகவதிப்பெருமாள் சினிமா பார்த்துச் சிரித்துவிட்டாராம். அதுவும் 'மாப்பிள்ளைக்கு மறுபடியும் பேதி' என்கிற படத்துக்கு.

நம்பும்படியாக இல்லை. வத்தல் மொத்தக்கடையில் கணக்கெழுதும் பெருமாள், இருபத்துநாலு வருஷமாக வியாபாரிகள் சங்கத்தின் வாரத்தாளில் பட விமர்சனம் எழுதுகிறவர். ஐந்துக்கு இரண்டைத் தாண்டி யாருக்கும் மதிப்பெண் போட்டதில்லை. அந்த இரண்டும், கிழவர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் கழுதையைத் தேடும் திரைப்பட விழாப் படத்துக்குப் போனது. இந்தப் படத்துக்குப் பூஜ்யம். 'இதற்குச் சிரிப்பவர்கள் செருப்போடு மூளையையும் வாசலில் கழற்றிவிட்டு வந்தவர்கள்' என்று முடித்திருந்தார். கடைக்காரர்கள் அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டார்கள்.

விசாரித்ததில் வதந்தி உண்மைதான். கோளாறு அவர் வேலை செய்யும் முறையில் இருந்தது. தாள் வெள்ளிக்கிழமை விடியும்போதே அச்சாகிவிடும். படமோ அன்றைக்குத்தான் வரும். ஆகவே காமெடிப் படமென்றால் போஸ்டரைப் பார்த்து வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு காலைக் காட்சிக்குப் போய், எழுதினது சரிதானா என்று பார்த்து வருவார். ஒரு படமும் அவரை ஏமாற்றியதில்லை.

இது ஏமாற்றிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை ஓடி வர, கழிவறைக் கதவில் சாய்ந்தபடி கோயில் யானை நிற்கிறது. பெருமாள் பல்லைக் கடித்தார். மாப்பிள்ளை யானையைக் கும்பிட்டு, "மாமா, கொஞ்சம் தள்ளுங்க" என்றான். அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரரின் தோளைப் பற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இருமி இருமிச் சிரித்தார் பெருமாள். இடைவேளையில் விளக்கு வந்ததும்தான் தெரிந்தது, அது அவர் கடையில் மூட்டை இறக்கும் தங்கபாண்டியின் தோள்.

மறுநாள் தங்கபாண்டி கணக்கு மேசைக்கே வந்தார்.

"அண்ணாச்சி, எம் மூளை வாசல்ல கெடக்குன்னு எழுதியிருக்கியளாமே?"

"அது பொதுவா எழுதினதுடே."

"பொதுவான்னா எப்படி? எனக்கு அந்தப் பக்கம் எம் பொஞ்சாதி மாடம்மா இருந்தா. கல்யாணத்துக்குப் பொறவு அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. இப்போ போற வாற கடையில எல்லாம் அவளுக்கு மூளை இல்லன்னு ஒட்டி வச்சிருக்கு. படத்துக்குக் கூட்டிட்டுப் போன எங்கூட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கா."

"மெதுவாடே. நாளைக்குச் சங்கத்துல எனக்குப் பொன்னாடை இருக்கு, கேட்டியா? 'சமரசமற்ற விமர்சகர்'னு பட்டமாக்கும். இது தெரிஞ்சா எல்லாம் போச்சு."

"நல்லாப் போர்த்திக்கிடுங்க. நீங்களும் சிரிச்சியன்னு ஒத்த வரி போட்டாப் போதும்."

"அடுத்த தாள்ல போடுகேன்."

"சத்தியமா?"

"சத்தியமாட்டு."

அந்த நம்பிக்கையில்தான், ஞாயிற்றுக்கிழமை சங்கச் செயலாளர் வினீத் தனியாக அழைத்து, "கேட்டது உள்ளதா, பாண்டி?" என்றபோது, "இருட்டுல யாரு மொகம் தெரியும் சாரே" என்று சொல்லிவிட்டார் தங்கபாண்டி. வினீத்துக்கு அது போதுமாக இருந்தது. 'இவரைச் சிரிக்க வைக்க இன்னும் ஒரு படம் பிறக்கவில்லை' என்று மேடையில் முழங்கினார். பெருமாள் சிரிக்காமல் பொன்னாடையை ஏற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாலு தாள் வந்தாயிற்று. தங்கபாண்டி ஒவ்வொன்றையும் மரண அறிவிப்பிலிருந்து வரன் தேடும் விளம்பரம் வரை வாசித்துப் பார்க்கிறார். அந்த வரி இன்னும் வரவில்லை.