காந்தலில் தரை நின்ற பிறகு

மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறிய மலை ரயில் அந்தக் காலத்தில் குன்னூரோடு சரி. அங்கிருந்து ஊட்டிக்குப் பன்னிரண்டு மைல், ஜட்கா. வண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டு ஒன்றேகாலுக்கு இறங்கினார். என் மடியில் இருந்த பிரசவ லேகிய ஜாடியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அதைய இறுக்கிப் புடிச்சுக்கோங்க, இந்த ரோட்டுல நம்ம எலும்பே தங்காது" என்றார். தங்கை பாத்திமாவுக்குக் குழந்தை பிறந்து அன்று இருபத்திரண்டாம் நாள்.

பகல் இரண்டு மணிக்கு ஊட்டியை ஒட்டிய காந்தல். அவள் புகுந்த வீடு, ஐந்து வீட்டு வரிசையில் மூன்றாவது. நடுச்சுவர்கள் ஆள் உயரத்தோடு நின்றுவிட, மேலே மரக்கூரை எல்லாருக்கும் பொது. உள்ளறையில் கட்டிலுக்கடியில் கரி அனல், சாம்பிராணிப் புகை, சாத்திய கதவு. நாற்பது நாள் முடியாமல் தாய் வாசல் தாண்டக் கூடாது. குழந்தையை மட்டும் கதவிடுக்கில் காட்டினார்கள். மூக்கு அப்படியே எங்கள் அத்தாவின் மூக்கு, பாவம்.

மூன்றேகால் இருக்கும். தரை ஆடியது. சமையலறையில் பாத்திரங்கள் கடகடவென உருண்டன. பத்து எண்ணுவதற்குள் எல்லாம் நின்றும்விட்டது. வெளியே எப்படி வந்தேனோ தெரியாது, கையில் டீத் தம்ளர் இருந்தது. தங்கையை விட்டுவிட்டுத் தம்ளரைக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

வரிசையே முற்றத்தில் நின்றது. பாத்திமாவின் மாமியார் கடைசியாக வந்து, காற்று புகாமல் கதவைச் சாத்தினார்.

"மாமி, பாத்திமா?"

"அதான் நின்னுருச்சேங்க தம்பி. இந்தக் குளுர்ல பச்ச ஒடம்புக்காரிய வெளிய கொண்டாந்தா ஜன்னி வந்துரும்."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. மறுபடி ஆடினால்? அதுவும் நியாயமாகப் பட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஊடு திறந்து கிடந்தால் திருடன் புகுவான் என்று பூட்டிவிட்டு, கடைவீதியில் இருந்த கணவனைத் தேடி ஓடினாள். அடுப்பை யாரும் நினைக்கவில்லை. எங்கள் கோயமுத்தூரில் அந்த நேரத்துக்கு அடுப்பு ஆறிக் கிடக்கும். இங்கே குளிருக்காக நாள் முழுக்க எரிகிறது.

மேகம் இறங்கியது. முற்றம் வெள்ளையாகிவிட்டது. எனக்கு இருமல் வந்தது. "கோயமுத்தூர்க்காரருக்கு மேகம் ஒத்துக்கல" என்று யாரோ சிரித்தார்கள். அப்போது உள்ளிருந்து மெல்லிய குரல்: "அண்ணே, புகை."

மாமியாரைப் பார்த்தேன். "சாம்பிராணிங்க தம்பி" என்றார். சம்பந்தி வீட்டில் எதிர்த்துப் பேசலாமா? "சரிங்க" என்றேன். எது மேகம், எது புகை என்று மலையில் பிறந்தவர்களுக்குத் தெரியாதா என்ன?

மறுபடியும் அதே குரல் வந்தது. மூன்றாவது முறை அவள் அலறினாள். பூட்டிய வீட்டுக் கூரையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போனேன். தீ கூரை வழியாக அவள் கட்டிலுக்கு மேலேயே வந்திருந்தது. குழந்தையை அணைத்தபடி அவள் குனிந்து நின்றாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மாமியார் தன் கம்பளியைப் பிடுங்கி அவள் தலையில் சுற்றி, "யா அல்லா, காத்துல நிக்கறாளே" என்று அழுதார். வீடு எரிகிறது, அவர் காற்றுக்கு அழுகிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு கிணறு, ஒரே கயிறு. ஆறு மணிக்குத் தீ அடங்கியபோது மூன்று வீடுகள் இல்லை. தரை ஆடியதில் இந்த வரிசையில் ஒரு சுவர்கூட விழவில்லை.

மறுநாள் காலை, பாத்திமாவைத் தங்கவைத்திருந்த கடைவீதி உறவினர் வீட்டுக்கு விடைபெறப் போனேன். மீண்டும் உள்ளறை, சாத்திய கதவு. இருமலுக்கு நடுவே குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்டது. கதவுக்கு இப்பால் நின்று, "முதல்லயே ஏன் சத்தமாக் கூப்பிடல?" என்று கேட்டேன்.

"வெளிய ஆம்பளைங்க நின்னாங்களேண்ணே. அதான் மெதுவாக் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்டிருக்காது."

"ஆமா, கேக்கல" என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறினேன்.