விளக்கெண்ணெய் விட்ட வண்டி

திங்கட்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடம். அந்த நொடியில் நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை. எமகண்டம் பிறந்து பத்து நிமிடம் ஆகிவிட்டதே என்று நினைத்தபோது வண்டி இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை வலப்புறம் ஒடித்தேன். அது கையில் லேசாகச் சுழன்றதே தவிர, வண்டி திரும்பவில்லை. கீழே இரும்பும் இரும்பும் மோதின. முன்சக்கரம் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. ஒரு பனைமரத்துக்கு முழ தூரம் இருக்கையில் வண்டி சாய்ந்தபடி நின்றது.

பின் இருக்கையில் என் மகள் இருந்தாள். தலைச்சன் பிரசவம், ஒன்பதாம் மாதம் தொடங்கி ஆறு நாள். முதல் நாள் சிதம்பரத்தில் புகுந்த வீட்டில் வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்காகத் திருப்பாதிரிப்புலியூருக்கு அழைத்து வந்துகொண்டிருந்தோம். என் மனைவி ஒரு கையால் அவளையும் மறு கையால் இருக்கையையும் பிடித்திருந்தாள். மகளின் இரு கைகளிலும் வளையல்கள் முழங்கை வரை ஏறியிருந்தன. இரண்டோ மூன்றோ உடைந்து அவள் மடியில் கிடந்தன.

ரயிலில் அழைத்துப் போகும்படி சம்பந்தியம்மாள் காலையில்கூடச் சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை. போர்க்காலம். வருகிற ரயிலெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றுவதா என்று கேட்டேன். அது உண்மைதான். ஆனால் வக்கீல் வீட்டுப் பெண் தகப்பன் ஓட்டும் காரில் வந்து இறங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. இரண்டு மாதத்துப் பெட்ரோல் கூப்பனை அதற்காகவே சேர்த்து வைத்திருந்தேன்.

அது பழைய வண்டி. முன்பக்க ஸ்பிரிங் பட்டையின் வளையத்துக்குள் புஷ் என்று ஒரு சிறு பித்தளைக் குழல் இருக்கும். அதன் ஊடேதான் போல்ட் போகும். அந்தப் புஷ் தேய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி கடகடவென்று ஆடியது. புதிதாக வாங்கலாம் என்றால் சென்னையிலேயே கிடைக்கவில்லை. கையேட்டை வைத்துக்கொண்டு நானே இறங்கினேன். பழைய லாரி டயரில் ஒரு பட்டையை அறுத்து, சுருட்டி, வளையத்துக்குள் திணித்து, நடுவே போல்ட்டை அடித்து இறக்கினேன். ஆட்டம் நின்றது. ஆனால் ஒரு கீச்சுச் சத்தம் தொடங்கியது. வண்டிக்குள் மூஞ்சூறு குடும்பம் நடத்துகிறதா என்று மனைவி கேலி செய்தாள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் கிண்ணத்தில் மிஞ்சுவதைக் கோழி இறகால் தொட்டு வண்டியின் மூட்டுகளுக்கெல்லாம் விடுவது என் பல வருட வழக்கம். பித்தளைக்கு அது ஒத்துக்கொண்டது. இந்தச் சனிக்கிழமையும் விட்டேன். சம்பந்தி வீட்டு வாசலில் கீச்சென்று போய் நிற்கக் கூடாதே என்று, கிண்ணத்தில் இருந்தது போதாமல் விளக்கெண்ணெய்ப் புட்டியையே எடுத்து அந்த வளையத்துக்குள் ஊற்றினேன். புட்டியை வண்டியிலும் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போகிற வழியெல்லாம் சத்தமே இல்லை. நான் சீட்டி அடித்துக்கொண்டே ஓட்டினேன்.

இப்போது பள்ளத்தில் குனிந்து பார்த்தேன். வளையம் காலியாக இருந்தது. போல்ட் இல்லை. பட்டையின் நுனி கீழே தொங்க, அச்சு ஒரு பக்கம் பின்வாங்கியிருந்தது. சாலையில் திரும்பி நடந்தேன். நூறடி தூரத்தில் போல்ட் கிடந்தது, நட் கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி அந்த டயர்த் துண்டு. எடுத்ததும் விரலில் வழுக்கியது. இரண்டு நாளில் அது எண்ணெயில் வழுக்கி வழுக்கி அங்குலம் அங்குலமாக வெளியே வந்திருக்கிறது. பிடிப்புப் போனதும் போல்ட் ஆடி ஆடி நட்டும் கழன்றிருக்கிறது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது மகளை இறக்கிப் பனையடியில் ஜமக்காளம் விரித்துப் படுக்க வைத்திருந்தாள் மனைவி. அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பதாகச் சொன்னாள் மகள். அதைச் சொல்லும்போது அழவில்லை. பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, “அப்பா, அப்பலேருந்து அசையவே மாட்டேங்குதுப்பா” என்றாள்.

முன்னும் பின்னும் பார்த்தேன். புதுச்சத்திரம் பின்னால் போய்விட்டது, ஆலப்பாக்கம் இன்னும் வரவில்லை. வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி வந்தது. கையை நீட்டி மறித்தேன். வண்டிக்காரர் மகளை ஒரு பார்வை பார்த்தார், நான் முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். தன் ஊரில் மருத்துவச்சி இருப்பதாகவும் வீட்டில் இருந்தால் கையோடு அழைத்து வருவதாகவும் சொன்னார். பாரத்தை அங்கேயே சரித்துவிட்டு மாடுகளை விரட்டினார். வீட்டில் இருந்தால் என்ற சொல் அவர் போன பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் வீட்டில் இல்லையென்றால் நான்தான் ஓட்டியாக வேண்டும். ஜாக்கியைப் போட்டேன். வளையத்துக்குள் திணிக்க எதுவும் இல்லை. கால் செருப்பைக் கழற்றினேன். பேனாக்கத்தியால் தோலை நீளவாக்கில் அறுத்தேன். எண்ணெய்ப் பிசுக்குப் போக மண்ணைப் போட்டு வளையத்தைத் தேய்த்தேன், வேட்டியால் துடைத்தேன், தோலைச் சுருட்டி உள்ளே அடித்தேன். போல்ட் இறங்கியது. நட் இல்லாமல் அது மறுபடி கழன்று வரும். மனைவியிடம் கொண்டை ஊசி கேட்டேன்.

அவள் தலையிலிருந்து உருவிக் கொடுத்தாள். “இதுல மறுபடி அவள ஏத்தப் போறீங்களா?” என்றாள்.

போல்ட் முனையில் இருந்த துளையில் ஊசியைக் கோத்து வளைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மகள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மனைவி மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையசைத்தாள். பதினொன்றரை. பதினொன்று ஐம்பது. எந்தச் சாமியை வேண்டினேன் என்று நினைவில்லை. இனி இந்த வண்டியைத் தொட மாட்டேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் வண்டி சத்தமில்லாமல் ஓடினால் என்னால் தாங்க முடிவதில்லை. நிறுத்தி, இறங்கி, கீழே குனிந்து பார்க்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் மாட்டுவண்டி திரும்பியது. வண்டிக்காரர் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். இறங்கியதும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மகளின் பக்கத்தில் மண்டியிட்டு, புடவையைத் தளர்த்தச் சொல்லி, என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். பிறகு, கைக்குத் தடவ விளக்கெண்ணெய் இருக்குமா என்று கேட்டாள்.

நான் காருக்குள் கையை விட்டுப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன். பாதிக்கு மேல் காலி. என் மனைவி புட்டியைப் பார்த்தாள், பிறகு என் சட்டைப் பையில் எண்ணெய் ஊறியிருந்த கறையைப் பார்த்தாள்.

நான் பனைமரத்தைப் பார்த்து நின்றேன். வளையல்கள் ஒரு முறை அசைந்தன. பிறகு வெகு நேரம் எந்தச் சத்தமும் இல்லை. மனைவி மூச்சை இழுத்து விட்டது கேட்டது. திரும்பிவிட்டேன். மருத்துவச்சி வயிற்றின் பக்கவாட்டில் கையை அழுத்தி வைத்திருந்தாள். மகள் கண்களை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“கெட்டிக்காரப் புள்ளதாங்க, நல்லாப் புடிச்சிக்கிட்டு உள்ளயே கெடக்குது” என்றாள் மருத்துவச்சி. “உதைக்குது பாருங்க. அந்தக் கார்ல மட்டும் வேணாங்க, மாட்டுவண்டியில வைக்கலைப் போடச் சொல்லுங்க.”