கேட்கும்வரை வாய் திறக்காமல் ஒரு கொடைக்கானல் பயணம்

கொடைக்கானலுக்குக் கிளம்புகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்தாயிற்றா என்று பார்ப்பார்கள். நான் என் வீட்டுக்காரரின் பையில் பிரசங்கத் துண்டுப் பிரசுரம் இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தேன். அடியில், போர்வைக்குள் சுருட்டி ஒரு கட்டு வைத்திருந்தார். எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார். பாதுகாப்பாம்!

விஷயம் இதுதான். எங்கள் மகள் ஜெபா செண்பகனூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். இவர் பாயசத்தோடு ஆளுக்கொரு பிரசுரத்தையும் நீட்டி, "நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று வரிசையாக விசாரித்தார். பிள்ளைக்கு முகம் செத்துப் போயிற்று. அன்றோடு அப்பாவிடம் பேச்சு நின்றது, சர்ச்சுக்குப் போவதும் நின்றது. இந்தக் காலாண்டு விடுமுறைக்குத்தான் போனில் இறங்கி வந்தாள். "அப்பாவையும் கூட்டிட்டு வாங்கம்மா. ஆனா ஒண்ணு. யாரும் கேக்காம அவரு சாமியப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது. தெறந்தா அதோட சரி."

அதே மாதம் எங்கள் ஆயர் வியாழக்கிழமை வீட்டு ஜெபங்களில் ஆதித் திருச்சபையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மைக் கிடையாது, மேடை கிடையாது, பல ஊர்களில் ஆராதனைக்கு வெளியாளைக் கூப்பிடவே பயம். பிறகு எப்படிப் பரவியது? சீக்காளியைப் பார்த்தார்கள், விதவைக்குச் சோறு போட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரன் 'ஏன்ப்பா இப்படிச் செய்ற?' என்று கேட்டான். கேட்டவனுக்குத் தணிவாகப் பதில் சொல்லத் தயாராய் இருங்கள் என்பதுதான் அப்போஸ்தலர் கொடுத்த பாடமாம். ஞானஸ்நானம் கேட்டு ஒருவன் வந்தாலும், இவன் நோயாளிகளைப் போய்ப் பார்த்தானா என்று விசாரிப்பார்களாம். இவர் வீட்டுக்கு வந்ததும், "அப்ப நான் இத்தனை வருசமாப் பண்ணுனது?" என்று கேட்டார். பாவமாக இருந்தது.

காலை ஆறே கால் பஸ். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். டிக்கெட் ஆளுக்கு நூறு ரூபாயை ஒட்டி வரும். மலை ஏற ஏறக் காது அடைத்தது, ஜன்னலில் குளிர் அடித்தது. பக்கத்து சீட்காரர் இவரிடம், "எங்கங்க போறீங்க?" என்றார். இவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். இது கேள்வியில் சேருமா என்று அர்த்தம். சேராது என்று தலையாட்டினேன். செண்பகனூரிலேயே இறங்கிக்கொள்ளலாம், கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியதில்லை.

மறுநாள் சுற்றிப் பார்க்க வாடகைக் கார் பேசியிருந்தாள் ஜெபா, நாள் முழுக்க இரண்டாயிரத்து இருநூறு. டிரைவர் முருகேசன் பக்கத்துப் பள்ளங்கிக் கிராமத்துக்காரர். கண் சிவந்து வந்தார். என்ன தம்பி என்றேன். "அப்பா பூண்டுக் காட்டுல வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடக்காருங்க. பக்கத்துல உக்கார ஆளில்ல. தங்கச்சி சாயங்காலந்தான் வருவா. லீவு நாள்ல சோலிய விட முடியல பாருங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். "என்னைய ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுருங்க தம்பி. பாறையும் பள்ளத்தாக்கும் நான் பாக்கலைன்னு எங்கயும் ஓடிப் போகாது."

ஜெபா என் காதோரம் வந்தாள். "அம்மா, இது சரியா வராதும்மா. கட்டில்ல கெடக்குற மனுசன், எந்திரிச்சு ஓடக்கூட முடியாது." எனக்கும் அதே பயம்தான். ஆனால் முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதற்கப்புறம் என்ன சொல்ல?

ஏரி, பைன் காடு எல்லாம் பார்த்தோம். மனசு ஒட்டவில்லை. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனபோது மூட்டம் அப்பிக் கிடந்தது. திரும்பலாம் என்று நினைத்த நேரம், யாரோ திரையை இழுத்த மாதிரி அது விலகியது. அடேயப்பா! எத்தனை ஆயிரம் அடிக்குக் கீழே சமவெளி, வெயிலில் மின்னும் குளங்கள், அதற்கு நடுவே சின்னதாகப் பழனி மலை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. முருகேசன் அந்தத் திசையைப் பார்த்து, அப்பாவுக்காகக் கண்ணை மூடி நின்றார். நானும் என் ஆண்டவரிடம் அதே அப்பாவுக்காகக் கேட்டேன். கிளம்பும்போது முருகேசன் ஒரு திருநீற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. வாசலில் வண்டியை நிறுத்த விடவில்லை. முருகேசன் பொட்டலத்தை ஜெபாவிடம் கொடுத்துவிட்டு வண்டியை ஓரங்கட்டப் போனார். நாங்கள் வார்டுக்குள் நுழைந்தோம். பெரியவருக்கு வலக்கையில் மாவுக்கட்டு, இடக்கையில் டிரிப்ஸ். என் வீட்டுக்காரர் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கடியில் கழுவிக் கவிழ்த்த மூத்திரப் பாத்திரம். வீட்டில் தன் காபி டம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை.

பொட்டலத்தைப் பார்த்ததும் பெரியவர் முகம் மலர்ந்தது. தன் இரண்டு கையையும் பார்த்தார். பிறகு இவரிடம், "தம்பி, நீங்களே பூசி விடுங்க. பேரு கேக்கவே இல்ல பாருங்க, உங்க பேரென்ன?"

"ஆசீர்வாதங்கய்யா."

"அட, வேதக்காரவுகளா நீங்க?"

ஒரு கேள்வி வந்தேவிட்டது. இந்த மனிதர் இத்தனை வருடமாக இப்படி ஒரு வாசல் திறக்காதா என்று அலைந்தவர். ஆபீசில் திருநீறு நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறவர். ஜெபா என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"ஆமாங்கய்யா" என்றார். அவ்வளவுதான். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு விரலில் தொட்டு நெற்றியில் வைத்தார்.

"அப்படி இல்ல தம்பி, மூணு வெரல்ல."

மூன்று விரலால், நிதானமாக, காது வரைக்கும் இழுத்துப் பூசினார். கண்ணில் விழாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். பெரியவர் கண்ணை மூடி, "முருகா" என்றார். கலியாணமாகி இருபத்தெட்டு வருடம், இந்த மனிதரை அன்றைக்குத்தான் பிரமித்துப் பார்த்தேன்.

கிறிஸ்தவன் திருநீறு தொடலாமா என்று கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். படையல் சோற்றைத் தொடலாமா கூடாதா என்று ஆதித் திருச்சபையிலேயே அடித்துக்கொண்டார்கள். நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முருகேசனின் தங்கச்சி வந்ததும் கிளம்பினோம். செண்பகனூர் டீக்கடையில் சூடாக பஜ்ஜி. ஜெபா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் கழித்து அவள் அவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அங்கேதான் வந்தது. "ஏம்ப்பா இன்னைக்கு அங்க உக்காந்தீங்க?"

எத்தனையோ வசனம் தலைகீழாகத் தெரிந்தவர். ஒன்றையும் எடுக்கவில்லை. வாய் கோணியது, கண் நிறைந்தது. "நீ பேசாம இருந்த ரெண்டு வருசமும் ராத்திரில தூக்கம் வராது பாப்பா. அப்பெல்லாம் இயேசு என் பக்கத்துல உக்காந்திருந்தாரு. ஒண்ணும் சொல்லல, சும்மா உக்காந்திருந்தாரு. அது போதுமா இருந்துச்சு. அதான்."

ஜெபா தன் பஜ்ஜியை அவர் தட்டில் எடுத்து வைத்தாள். "இன்னும் சொல்லுங்கப்பா" என்றாள். நான் காசு கொடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

போகிறவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் இ-பாஸ் முன்பே எடுத்துவிடுங்கள், பஸ்ஸில் வருகிறவர்களுக்கு வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வந்து அபராதம் கட்டாதீர்கள். காட்சி முனைகளுக்கு வெள்ளனே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கிவிடும், எங்களுக்கு விலகியது அதிர்ஷ்டம். ஊரைப் பார்ப்பதற்கு நடுவே ஒரு மணி நேரம் யாருக்காவது மிச்சம் வையுங்கள். பக்கத்தில் உட்கார ஆள் இல்லாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கிளம்பும் அன்று பஸ் ஏற்றிவிட வந்த ஜெபா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கிறிஸ்மஸ் லீவுக்கு நான் ஊருக்கு வர்றேன்ப்பா. டீச்சருங்களையும் கூட்டிட்டு வரவா?" என்று கேட்டாள்.

"கூட்டிட்டு வா பாப்பா" என்றார் இவர். "பாயசம் மட்டும் வைப்போம்."