கீறல் என்று துடைத்த படங்கள்

தாராவியில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்குப் பருத் தழும்பை அழித்தவள் ஜெபசெல்வி. வயது முப்பத்தெட்டு, அதில் பதினெட்டைப் பக்கத்து மாட்டுங்காவில் சுப்ரமணியனின் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் கழித்துவிட்டாள். மெமரி கார்டு வந்தால் காப்பி எடுப்பாள், அடுத்த கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று கையோடு கார்டைக் காலி செய்வாள், பிறகு அந்தக் காப்பியிலேயே படத்து அழுக்கையெல்லாம் துடைத்துச் சேமிப்பாள். அந்தப் பழக்கமே அவளைக் கவிழ்த்தது.

விமான ஆராய்ச்சி செய்யும் ஷ்யாமளா காலையில் ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்து, நாற்பது படங்களைப் பெரிதாக பிரிண்ட் போடக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது எடுத்தவை. கடப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். ஏழாவது தடவையில்தான் சிக்கியது.

மூன்று மணிக்கு வந்து பிரிண்டைப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மூக்குலேருந்து கோடு கோடா இருந்ததே, எங்கே? விமானம் இடிச்சு நெரிஞ்ச காத்து அது. அதைப் பிடிக்கத்தான் மூணு வருஷமா அலையறேன்."

ஜெபசெல்வி வாயைத் திறப்பதற்குள் சுப்ரமணியன் முந்திக்கொண்டார். "கார்டுலயே இப்படித்தான் இருந்தது மேடம். இல்லையா செல்வி?"

ஷ்யாமளா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கேமரா திரையில பார்த்தேனே. அப்போ அது என் பிரமையா?"

தலையை ஆட்டினால் போதும், வேலை தங்கும். ஜெபசெல்வி முதலாளியைப் பார்க்கவில்லை.

"பிரமை இல்ல மேடம். கீறல்னு நெனச்சு நாந்தான் தொடச்சேன். கார்டையும் காலி பண்ணிட்டேன்."

"ஒண்ணுகூடவா மிஞ்சலே?"

பிரிண்ட் ஆனது முப்பத்தொன்பது. இன்னொன்று? சட்டென்று கம்ப்யூட்டரின் குப்பைக்கூடையைத் திறந்தாள். சாயங்காலமானால் அதையும் காலி செய்வது வழக்கம்.

படம் வந்தது. மூக்கிலிருந்தும் இறக்கையிலிருந்தும் கோடுகள் சூரியனைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போயின. துடைத்து மாளாது, தேறாத கேஸ் என்று அவள் தூக்கிப் போட்ட படம். ஷ்யாமளா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்படியே போடுங்கோ. ஒண்ணும் தொடாதீங்கோ."

ஜெபசெல்வி தலையாட்டினாள். அதற்குள் அவள் வலது கை தானாக, கோட்டை அழிக்கும் பிரஷ் பக்கம் மவுஸை நகர்த்தியிருந்தது. பயந்துபோய் அந்தக் கையை மடிக்கு இழுத்து, இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.