முனவர் பேகத்தின் எழுத்துப் பாய்

முனவர் பேகத்தைக் கொடுத்து வைத்தவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், லைன் வீடுகளில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். வெயில் படாத வேலையாம், உட்கார்ந்த இடத்தில் சம்பாத்தியமாம், கையில் கலையாம். கலையாவது மண்ணாங்கட்டியாவது! பன்னிரண்டு வருஷத்தில் அவள் அந்த வாசலைத் தாண்டிப் போனதை நான் விரல் விட்டு எண்ணிச் சொல்வேன்.

எனக்கு அடுத்த வீடு அவளுடையது. நான் ரங்காத்தாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவள் தாராபுரத்துக்காரி. அமராவதிக் கரைக் கோரையில் பாய் நெய்கிற குடும்பம். எழுபத்தொன்பதில் முஸ்தபாவுக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தாள். அவன் சைக்கிளில் பாய் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்பவன். சாயத்தில் முக்கியெடுத்த கோரையைச் செருகி, பாயின் நடுவில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் எழுத்து எழுத்தாக நெய்ய இவளுக்குத் தெரியும். வெள்ளகோவிலில் இருந்தெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள்.

பாய்த்தறி தரையோடு கிடக்கும். அதை ஒருத்தியால் ஓட்ட முடியாது. ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கோரையைக் குச்சியில் கோத்து உள்ளே தள்ள, இன்னொருத்தி அச்சை இழுத்து அடிக்க வேண்டும். தள்ளுவது மாமியார் குல்சார் பேகம். கோரையை நனைத்து வைப்பதும் அவர்தான். எழுத்துக் கோரையை மட்டும் முனவர் தன் கையால் செருகுவாள். மாமியார் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

ஒரே மகள் ஜெய்புன்னிசா ஆறாவது படித்தாள். அவள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் தறிச் சத்தத்தையும் மீறி என் வீட்டுக்குக் கேட்கும்.

"காலைல கம்பெனிச் சங்கு ஊதுனதும் நீங்கெல்லாம் கும்பலாச் சிரிச்சுப் பேசிட்டுப் போறீங்களே அக்கா, அந்தக் கும்பல்ல நானும் ஒரு நாள் நடக்கோணுங்க" என்பாள் முனவர். அவ்வளவுதான் அவள் ஆசை. முஸ்தபாவிடம் கேட்டும் பார்த்தாள்.

"கூலிக்குப் போறதுக்கா ஆண்டவன் உனக்கு இந்தக் கையைக் குடுத்தான்?" என்றான் அவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னான்.

தொண்ணூற்றொன்றில் எங்கள் செக்கிங்கில் ஒரு இடம் காலியானது. சூப்பர்வைசரிடம் சொல்லி அதைப் பிடித்து வைத்தேன். வைத்துவிட்டு, என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"ஒரு பாயைக் கெடுத்துப் போடு கண்ணு. கை போச்சுன்னு அவங்களே உட்டுருவாங்க."

அவள் என்னையே பார்த்தாள். "பாவமில்லீங்களா அக்கா?"

"பன்னெண்டு வருசமா உன்னைக் கட்டிப்போட்டிருக்கறது பாவமில்லையா?" என்றேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவளுக்கென்று சந்தையில் சோறு கொண்டுபோக ஒரு தூக்குப் போசிகூட வாங்கி வைத்தேன்.

நனையாத கோரை மடங்கினால் ஒடிந்துவிடும். பாய்க்கார வீட்டில் நடை பழகும் குழந்தைக்கும் இது தெரியும். வெள்ளகோவில் மாப்பிள்ளை பசீர் அகமதுவின் பாய் தறியில் இருந்தது. மாமியார் மதியம் லுஹர் தொழப் போன நேரத்தில், அவர் நனைத்து வைத்த சிவப்புக் கோரையை முனவர் ஒளித்துவிட்டாள். காய்ந்ததை எடுத்து மாப்பிள்ளை பெயரை நெய்தாள்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் பாய் திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் மாமா வாசலில் அதை விரித்துக் காட்டினார். பெண் பெயர் முழுசாக இருந்தது. மாப்பிள்ளை பெயர் துண்டு துண்டாக ஒடிந்து கிடந்தது.

"சுபகாரியத்துக்கு நெய்யற பாயா இது?" என்றார்.

குல்சார் பேகம் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "கோரை நனையலீங்க. நனைக்கறது என் வேலை, நாந்தான் மறந்திருக்கோணும். வயசாச்சு, புத்தி நிக்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

முனவர் ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "இல்லீங்க மாமி! நாந்தான் காய்ஞ்சதை வெச்சேன், வேணுமின்னே வெச்சேன்!"

வந்தவர் கோபம் அப்படியே அடங்கிப்போனது. "மாமியாமேல பழி வரக்கூடாதுன்னு தன் தலையில போட்டுக்குது பாருங்க. இப்படி ஒரு மருமக யாருக்கு வாய்க்கும்!" என்றார். முஸ்தபா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நெசமாலுமே நாந்தானுங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர்கள் அவளை இன்னும் புகழ்ந்தார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் சுவரோரமாக நின்றிருந்த நான். வாயைத் திறந்தால் யோசனை யாருடையது என்று வரும். நான் திறக்கவில்லை.

வேறு பாய் நெய்து தருவதாக முஸ்தபா வாக்குக் கொடுத்து அவரை அனுப்பினான். பிறகு, "அம்மா, நீங்க இனித் தறியில உக்கார வேண்டாம்" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். பக்கத்து ஆள் இல்லாமல் தறி எப்படி ஓடும்? மறுநாள் குழாயடியில் அவள் காதைக் கடித்தேன். "திங்கக்கெழமை காலைல ரெடியா இரு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." அவள் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை இரண்டு தூக்குப் போசியிலும் சோறு போட்டு எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். உள்ளே அச்சு அடிக்கிற சத்தம் கேட்டது. தறியில் பசீர் அகமதுவின் பெயர் மறுபடியும் பாதி வளர்ந்திருந்தது. மாமியார் உட்காரும் இடத்தில், பள்ளிக்கூடப் பாவாடையோடு, ஜெய்புன்னிசா கோரை தள்ளிக்கொண்டிருந்தாள். புத்தகப் பை ஆணியில் தொங்கியது.

"பெரியம்மா, இனிப் பள்ளிக்கூடம் இல்லீங்க! எனக்கும் எழுத்து நெய்யச் சொல்லித் தருவாங்களாம்!" என்று பிள்ளை சந்தோஷமாகச் சொன்னது.

முனவர் தலை தூக்கவில்லை. "சங்கு ஊதிருச்சுங்க அக்கா, நீங்க போங்க" என்றாள்.

நான் இரண்டு போசியையும் தூக்கிக்கொண்டு தனியாகக் கம்பெனிக்கு நடந்தேன்.